தக்காளிக்குப் போட்ட சட்டை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். இருமல் போய்விட்டது என்று போனில் சொன்னாய், அதில் பாதியைத்தான் நம்பினேன், மீதிப் பாதியை நீ ஊருக்கு வரும்போது உன் முதுகில் காது வைத்துக் கேட்டுவிட்டு நம்பிக்கொள்கிறேன். தினம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் ஆய்வகத் தலைவி இங்கே சந்தைக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பியதிலிருந்து உன்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார், கேட்டால் உன் அம்மாவிடம் கேள் என்கிறார், அங்கே என்னதான் நடந்தது என்று நீ கேட்டாய். உன் அப்பாவிடம் கேட்டதற்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்குள் அவர் ஒளித்து வைத்திருப்பதைப் போனில் சொல்ல வழியில்லை. நான் போனை எடுத்தால் அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறார், ஸ்பீக்கர்ல போடு என்கிறார், போட்டால் போன் அவர் கைக்குப் போய்விடுகிறது. இன்றைக்கு அவர் வெளியே போயிருக்கிறார். அவர் வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

தக்காளி சீக்கிரம் அழுகாமல் இருக்க நீ அனுப்பிய பொடி வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். சந்தை அலுவலகத்தில் அனுமதி எல்லாம் நீயே வாங்கிக் கொடுத்திருந்தாய், இவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவு பொடி, தக்காளியை முக்கி எடுத்துக் காற்றாடிக்குக் கீழே ஆற வைக்க வேண்டும், ஒரு கூடையை மட்டும் முக்காமல் தனியாக வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத்தான் சொன்னாய். ஆனால் பார்சலைப் பிரித்தவர் உன் அப்பா. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டருக்கு வீட்டில் என்ன வேலை இருக்கிறது சொல். அன்றே சமையலறை அவர் வசமானது. என் பெரிய பாத்திரங்கள் நான்கும் ஆராய்ச்சிக்குப் போயின, உன் சின்ன வயதில் உனக்குப் பால் காய்ச்சிய பாத்திரத்தில் நான் இரண்டு பேருக்கும் சோறு வடித்தேன். கட்டில் மேல் தக்காளி, மேஜை மேல் தக்காளி, நாங்கள் தரையில். பழைய பழக்கம் போகுமா, ஒவ்வொரு கூடையாக முக்கும்போதும் உள்ள தள்ளிப் போ, நடுவுல இடம் இருக்கு, ஓரத்துல நிக்காத என்று தக்காளிகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். சிரிப்பை அடக்க நான் வாசலுக்குப் போய் நின்றேன். பொடியைக் கொட்டும்போது முகர்ந்து பார்த்துத் தும்மியதைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், மூக்கை மூடிக்கொண்டு செய்யச் சொல்லி நீ எழுதியிருந்தது அவர் கண்ணில் படவே இல்லையாம்.

அடுத்த நாள் சந்தையில் நம் காய்கறிக் கடையில் தக்காளியை அடுக்கினோம். நான் வழக்கம்போல் விலையைச் சொல்லி விற்றுக்கொண்டிருந்தேன், அவர் பக்கத்தில் நின்று விளக்கம் கொடுத்தார். பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்ட தொண்டை அல்லவா, சந்தை முழுக்கக் கேட்டது. “ஒரு முடியை எடுத்துக்குங்க. அதை நீளவாக்குல ஆயிரம் கீத்தா கிழிங்க. அதுல ஒரு கீத்து எவ்வளவு சன்னமோ அவ்வளவு சன்னமான துகளை இந்தத் தக்காளிமேல பூசியிருக்கு” என்றார். நீ சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னார், தப்பில்லை. ஆனால் சந்தையில் ஒரு பேச்சு ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதற்குள் தலை ஒரு பக்கம் வால் ஒரு பக்கம் ஆகிவிடும் என்று உனக்குத் தெரியாதா. சாப்பாட்டு நேரத்துக்குள் நாங்கள் முடியை அரைத்துத் தக்காளிக்குப் பூசுகிறோம் என்று ஆகிவிட்டது. எப்போதும் என்னிடம் வெங்காயம் வாங்குகிற தையல்காரம்மா வந்தார், தக்காளியைப் பார்த்தார், தொப்பி இல்லாமல் நின்ற உன் அப்பாவின் தலையைப் பார்த்தார், “அத்தனையும் அண்ணன் தலையில இருந்துதான் எடுத்தீங்களாக்கும், பாவம், ஒண்ணுகூட மிச்சம் வைக்கலியே” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து உன் அப்பா முடியை விட்டுவிட்டுச் சட்டைக்கு வந்தார். பறித்த பிறகும் தக்காளி மூச்சு விடுகிறது, மூச்சு வாங்க வாங்கக் கனிந்து குழைந்துபோகிறது, இந்தப் பூச்சு அதற்கு ஒரு மெல்லிய சட்டை, சட்டை போட்டால் நிதானமாக மூச்சு விடும், அவ்வளவுதான் என்றார். அதற்கும் ஒருவர், நானும் சட்டை போட்டுத்தான் இருக்கேன், எனக்கு ஏன் மூச்சு வாங்குது என்று கேட்டார்.

சிரிப்பெல்லாம் இருக்கட்டும், நடந்ததைச் சொல்கிறேன். இங்கே லாரி ஒவ்வொன்றும் வந்து நிற்கும்போது அடிக்கூடைகளில் இருப்பது தக்காளியா சாறா என்று தெரியாது, அது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்தச் சாற்றில் வழுக்கி விழுந்துதான் உன் முன்பல் உடைந்தது. குளிர்பதனக் கிடங்கு கட்டித் திறந்து வைத்தார்கள், மின்சாரம் வருகிற நாளில் இயந்திரம் ஓடுவதில்லை, இயந்திரம் ஓடுகிற நாளில் மின்சாரம் வருவதில்லை, இப்போது அங்கே பூட்டு ஒன்றுதான் குளிர்ச்சியாகக் கிடக்கிறது. அப்படிப்பட்ட சந்தையில், அந்த வெயிலில், உன் பூச்சு போடாத கூடை சரிந்து ஈ மொய்த்துக் குப்பைக்குப் போன பிறகும் பூச்சு போட்ட கூடை அப்படியே நின்றது. நான் ஒவ்வொரு காலையும் யாரும் பார்க்காதபோது ஒரு பழத்தை எடுத்து அழுத்திப் பார்ப்பேன். ஒரு நாள் நறுக்கி வாயில் போட்டேன், முந்தின நாள் பறித்த மாதிரி இருந்தது. உன் அப்பாவிடம் பரவாயில்லை என்று மட்டும் சொன்னேன், அதற்கு மேல் சொன்னால் அவரைப் பிடிக்க முடியாது. உன்னிடம் சொல்கிறேன், அன்றைக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளியிருப்பேன்.

ஆனால் தக்காளி நின்றது, வியாபாரம் விழுந்தது. எதிர்க்கடையில் இருப்பது யார், என் கூடப்பிறந்த தம்பி, உன் மாமா. இது ரப்பர் தக்காளி என்று அவன்தான் முதலில் கிளப்பிவிட்டான். பழம்னா அழுகணும், அழுகாதது பழமா, பொம்மையா என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கேட்டான். கேட்டதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பான். ஒரு நாள் கூட்டம் சேர்ந்ததும் என் கடையிலிருந்தே ஒரு பழத்தை எடுத்து, “பாருங்க, தரையில போட்டா பந்து மாதிரி எகிறும்” என்று ஓங்கி அடித்தான். எகிறியது தக்காளி இல்லை, அதன் உள்ளே இருந்த அத்தனையும். அந்த நேரம் பார்த்துச் சந்தை மேற்பார்வையாளர் வெள்ளைச் சட்டையோடு அந்தப் பக்கம் வந்தது உன் மாமா செய்த புண்ணியம். அவர் சட்டையைக் கழற்றி உன் மாமாவின் கல்லா மேல் வைத்துவிட்டுப் பனியனோடு போனார், மறுநாள் அதைத் துவைத்துத் தேய்த்து உன் மாமாவே கொண்டுபோய்க் கொடுத்தான். ரப்பர் பேச்சு அத்தோடு நின்றது. ஆனாலும் வாங்குகிறவர்கள் யோசித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா, பூச்சு போட்ட தக்காளியைக் கடை முகப்பிலிருந்து எடுத்து உள்ளே வைத்து ஈரச் சாக்கால் மூடினேன். யார் கேட்டாலும், அது பூச்சு போட்டது, அது உங்களுக்கு வேணாம், நாலு நாள் வெச்சிருந்து சமைக்கிறவங்களுக்காக ஒதுக்கியிருக்கேன், நீங்க இதை வாங்கிட்டுப் போங்க என்றேன். வேண்டாம் என்று சொன்னால் விடுவார்களா. எங்களுக்கு நாலு நாள் வெச்சிருக்கத் தெரியாதா, நாங்க என்ன இளைச்சவங்களா என்று சண்டை போட்டு வாங்கினார்கள். தையல்காரம்மா உறவை வைத்து, பழக்கத்தை வைத்து, கடைசியில் மிரட்டி வாங்கிக்கொண்டு போனார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, சாக்குதான் கொஞ்சம் நடித்தது.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் உன் அப்பா ஒரு நாள் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக் கழுவினார். நான் கண்டுகொள்ளாமல் இருந்தேன். மறுநாள் என் தட்டையும் கழுவினார். அதற்கடுத்த நாள் நான் கேட்காமலேயே என் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரை எனக்குத் தெரியும், இவ்வளவு நல்லவராக இவர் இருக்க வேண்டுமென்றால் உள்ளே ஏதோ பெரிதாக வேகிறது என்று அர்த்தம். தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு உட்காரச் சொன்னேன். வெளியே வந்தது. இந்தப் பொடியை எதில் செய்கிறார்கள் என்று அவர் உன்னிடம் போனில் கேட்டாராம், இறால் ஓட்டிலிருந்து என்று நீ சொன்னாயாம், தூக்கிக் கொட்டுகிற ஓட்டை வீணாக்காமல் எடுப்பதுதான் இதில் பெரிய விசேஷம் என்று சந்தோஷமாகச் சொன்னாயாம், அம்மாகிட்டயும் சொல்லிடுங்கப்பா என்றாயாம், இவரும் சரி என்றாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், தக்காளியில் இறாலை மறைத்தவர் எனக்குத் தெரிந்து உன் அப்பா ஒருவர்தான். நீயும் லேசுப்பட்டவள் இல்லை. பாக்கெட்டில் ஏதோ வாயில் நுழையாத பெயரைப் போட்டிருந்தாய், அதற்குள் இறால் படுத்திருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்.

எனக்கு இறால் பிடிக்கும், இறால் ஓடு என்றால் எனக்கென்ன. ஆனால் என்னிடம் அதிகமாகத் தக்காளி வாங்குகிறவர் யார் என்று உனக்குத் தெரியும், முதியோர் இல்லத்துச் சமையலம்மா. அந்த இல்லத்தில் யாரும் அசைவம் தொடுவதில்லை, முட்டைகூட வாசலைத் தாண்டாது. இருப்பதிலேயே நல்ல தக்காளி என்று நான்தான் பூச்சு போட்டதை அவருக்குக் கூடை கூடையாக அனுப்பிக்கொண்டிருந்தேன். இதை உன் அப்பாவிடம் சொன்னதும், அது எனக்கும் தெரியும், அதனாலதான் ராத்திரி தூக்கம் வரல என்றார். பிறகு தாழ்ந்த குரலில், “கண்ணுக்கே தெரியாத கனம். கழுவிட்டுத்தானே சமைக்கிறாங்க. இப்ப போய்ச் சொன்னா சந்தை முழுக்கப் பரவும். பாப்பாவோட தலைவியம்மா வந்து பாக்கப்போற நேரம். நல்லா இருக்குன்னு நாலு பேர் சொன்னாத்தான் பாப்பாவுக்கு அங்க வேலை நீடிக்கும். நீயே யோசி” என்றார். யோசித்தேன். நீ போனில் நல்லபடியா நாலு வார்த்தை சொல்லும்மா என்று கேட்ட குரல் காதிலேயே இருந்தது. பொய் சொல்ல வேண்டாம், வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவ்வளவு சுலபம். ஆனால் நான் கண்ணுக்குத் தெரியாததை விற்கவில்லை, தக்காளியை விற்கிறேன். அதை வாங்குகிற சமையலம்மா என்னிடம் ஒருநாளும் முகர்ந்து பார்த்து வாங்கியதில்லை, நீ குடுத்தா சரி என்று வாங்கிப் போகிறவர். மறுநாள் சாக்கைக் கீழே போட்டுக் கடையை மூடிவிட்டுக் கிளம்பினேன். உன் அப்பா நானும் வரேன் என்றார், வாசல்வரை வந்தார், செருப்பு அறுந்துவிட்டது என்று நின்றுவிட்டார். அந்தச் செருப்பைத்தான் இப்போதும் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

இல்லத்துச் சமையலறையில் அடுப்பு நான்கும் எரிந்துகொண்டிருந்தன. சமையலம்மா கரண்டியோடு நின்றார், மேடையில் என் தக்காளி பாதி நறுக்கிக் கிடந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை, அக்கா, நான் அனுப்பின தக்காளில பூசியிருக்கிறது இறால் ஓட்டுல இருந்து எடுத்ததாம், எனக்கு நேத்துதான் தெரியும் என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தார். நறுக்கியதை, நறுக்காததை, எல்லாவற்றையும் கூடையில் அள்ளிப் போட்டார். மேடையைக் கழுவினார், கத்தியைக் கழுவினார், கையைக் கழுவினார், நானும் துடைத்துக் கொடுத்தேன், வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கடைசியில், “அங்க உக்காந்திருக்கிறவங்க எல்லாம் எழுபது, எம்பது வருஷம் ஒரு நியமத்தைக் காப்பாத்தி வந்தவங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்களுக்குப் பரிமாறுவேன்” என்றார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். மறுநாளிலிருந்து அவர் உன் மாமா கடையில் வாங்கினார். என் கடையைத் தாண்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் அன்று இரண்டு வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்தேன், உன் அப்பாவோடு பேசவில்லை, உன்னோடும் போனில் தலைவலி என்று சொல்லி வைத்துவிட்டேன். அது தலைவலி இல்லை.

அதற்குப் பிறகு மறைப்பதற்கு என்ன இருக்கிறது. கடை முகப்பில் அட்டை எழுதித் தொங்கவிட்டேன், இறால் ஓட்டுப் பூச்சு போட்டது இந்தப் பக்கம், போடாதது அந்தப் பக்கம் என்று பெரிய எழுத்தில். உன் அப்பா இனி ஒரு பழம்கூட விற்காது என்று தலையில் கை வைத்தார். நடந்ததோ வேறு. அசைவம் தொடாதவர்கள் அந்தப் பக்கம் வாங்கினார்கள், மற்றவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள், இறால் தக்காளி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஒருவர் வாங்கிப் போய் மறுநாள் திரும்பி வந்து, “இறால் வாசனையே இல்ல. சமைச்சுப் பாத்தாச்சு, பச்சையா தின்னும் பாத்தாச்சு. அட்டை போட்டு ஏமாத்துறீங்க” என்று சண்டை பிடித்தார். அவருக்கு உன் அப்பா முடியிலிருந்து மறுபடி ஆரம்பித்து விளக்கினார். அந்த வாரம் பாலம் பழுதாகி லாரிகள் எல்லாம் வழியிலேயே நின்றுபோயின. வந்து சேர்ந்தபோது உன் மாமாவின் கூடைகளிலிருந்து சாறு தெருவரை ஓடியது, முன்பே பூச்சு போட்டு வைத்திருந்த என் கூடைகள் அப்படியே நின்றன. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், எனக்கும் ஆடியது, ஆனால் அவசரப்படவில்லை. சாயங்காலம் அவனே வந்தான், தராசைத் தொட்டுக்கொண்டு நின்றான், அக்கா, அத்தான்கிட்ட அந்தப் பொடி இன்னும் இருக்கா என்றான். இருக்கு என்றேன். அடுத்த லோடுக்குக் கொஞ்சம் என்றான். தரேன், ஆனா உன் கடைல அட்டை வேணாம், நீயே வாயால கூவணும், இது இறால் ஓட்டுப் பூச்சு போட்டது, ரப்பர் இல்லன்னு என்றேன். மூன்று நாள் கூவினான். நல்ல குரல் அவனுக்கு, உன் அப்பாவே பாராட்டினார்.

இப்போது உன் தலைவி வந்த கதைக்கு வருகிறேன். உன் அப்பா பெரிய ஏற்பாடு செய்திருந்தார். பேசுவதற்கு ஆட்களைப் பொறுக்கி வைத்திருந்தார், தையல்காரம்மா என்ன சொல்ல வேண்டும், உன் மாமா எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதுவரை ஒத்திகை. என்னை மட்டும் நீ சும்மா நில்லு போதும் என்றார். சும்மா நிற்கிற ஆளா நான். முந்தின நாளே இல்லத்துக்குப் போய்ச் சமையலம்மாவிடம், அக்கா, நாளைக்கு அந்தப் பொடிக்காரங்க வராங்க, என்கிட்ட சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லணும் என்றேன். உன் பொண்ணு வேலைக்கு உலை வெச்சிடும், பரவாயில்லையா என்றார். வாங்க என்றேன். இதற்காக நீ என்மேல் கோபப்பட்டால் பட்டுக்கொள், உன்னைக் கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாய் என்பதால்தான் கேட்கவில்லை.

உன் தலைவி நல்ல மனுஷி, வந்ததும் கூடையைத் தூக்கிக் கனம் பார்த்தார், எனக்குப் பிடித்துவிட்டது. மொழிபெயர்க்க ஒரு கல்லூரி ஆசிரியர் கூட வந்திருந்தார். எல்லாரும் ஒத்திகைப்படி புகழ்ந்து முடித்த நேரத்தில் சமையலம்மா வந்து நின்றார். உன் அப்பாவின் முகம் நாட்பட்ட தக்காளி மாதிரி ஆயிற்று. சமையலம்மா ஆரம்பித்தார், இல்லத்தைப் பற்றி, அங்கே இருக்கிறவர்களைப் பற்றி, அடுப்பை அணைத்ததைப் பற்றி, கேட்காமல் ஒருத்தர் தட்டில் எதையும் வைக்கக்கூடாது என்பதைப் பற்றி, நிறுத்தாமல் பேசினார். ஆசிரியர் பாவம் மரியாதைக்காரர், விருந்தாளி மனம் நோகக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அத்தனையையும் கேட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு அரை வரியில் சொன்னார், உன் தலைவியும் தேங்க்யூ தேங்க்யூ என்றார். எனக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் ஒரு மூட்டையைக் கொட்டி ஒரு கைப்பிடி அளந்தால் எனக்குத் தெரியும். நடுவில் போய் நின்றேன். விரலை வளைத்து இறால் மாதிரி துள்ளிக் காட்டினேன். துள்ளின இறாலைத் தக்காளி மேல் உட்கார வைத்தேன். தக்காளியைச் சமையலம்மாவின் வாயருகே கொண்டுபோனேன், யாரும் சொல்லித்தராமலேயே அவர் முகத்தைச் சுளித்துக் கையால் தட்டிவிட்டார். சந்தையே நின்று பார்த்தது. உன் தலைவிக்கு முதலில் சிரிப்பு, பிறகு புரிந்தது, சிரிப்பு அப்படியே நின்றது. சமையலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், அதை மட்டும் ஆசிரியர் ஒழுங்காகச் சொன்னார், மன்னிப்புக் கேட்கிறாராம்.

அத்தோடு முடியவில்லை. உன் தலைவி வேகமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார், ஆசிரியருக்கு அந்த வார்த்தைக்குத் தமிழ் சட்டென்று வரவில்லை. உடனே உன் தலைவி நான் அட்டை எழுதும் கரித்துண்டை எடுத்து அட்டையில் ஒரு காம்பும் மேலே ஒரு கவிழ்ந்த கிண்ணமுமாக வரைந்தார். உன் அப்பா எட்டிப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஓடிப்போய்க் குடையை எடுத்து வந்து உன் தலைவியின் தலைக்கு மேல் பிடித்தார். வெயில் தாங்கவில்லை என்று கேட்கிறாராம். சமையலம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “அட, இது குடை இல்லய்யா, நாய்க்குடை. காளான்” என்றார். அவர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் மறுபடி பார்த்தேன். இதே பூச்சைக் காளானிலிருந்தும் எடுக்கலாமாம், உங்கள் ஆய்வகத்தில் ஒரு மூலையில் அதற்கு ஆரம்ப வேலை நடந்து பாதியில் கிடக்கிறதாம், இறால் ஓடு சுலபமாகக் கிடைத்ததால் விட்டுவிட்டார்களாம். அந்த வேலையை உங்கள் மகளிடமே கொடுக்கப்போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். உன் வேலை நீண்டது அப்படித்தான், உன் அப்பா ஏற்பாடு செய்த புகழ்ச்சியால் இல்லை. அதை அவரிடம் சொல்லாதே, அவர் அப்படி நினைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்.

சமையலம்மா மறுபடி என்னிடம்தான் வாங்குகிறார், பூச்சு போடாத பக்கத்தில். முதல் நாள் வந்தபோது, “கெட்டதைச் சொல்றதுக்குக் கடையை மூடிட்டு வந்தவ நீ ஒருத்திதான்” என்றார். நான் கொஞ்சம் நிமிர்ந்தேன். “அதுக்காக நம்பிட்டேன்னு நினைக்காதே, இனிமே வெங்காயத்தையும் விசாரிச்சுட்டுத்தான் வாங்குவேன்” என்று ஒவ்வொரு வெங்காயமாகத் திருப்பிப் பார்த்தார். காளான் பூச்சு எப்போ வரும் என்று வாரம் தவறாமல் கேட்கிறார், முதல் கூடை இல்லத்துக்குத்தான் என்று சொல்லிவைத்திருக்கிறார். உன் அப்பாவோ அதற்குள் பொறுக்க மாட்டாமல் குளியலறையில் வைக்கோலைப் பரப்பி, ஜன்னலைச் சாக்கால் மூடி, காளான் வளர்க்க ஆரம்பித்துவிட்டார். உங்களுக்கு மூலப்பொருள் அனுப்பப்போகிறாராம். இருட்டும் ஈரமும் கெடக்கூடாது, விளக்குப் போடாதே, சத்தமாகத் தண்ணீர் ஊற்றாதே என்று எனக்குக் கட்டளை. நான் இப்போது பக்கத்து வீட்டில் போய்க் குளிக்கிறேன்.

இனி நான் சொல்ல வேண்டியவை. இறால் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இந்தப் பூச்சு ஆகுமா ஆகாதா என்று கேட்டு எழுது, தெரியும்வரை அவர்களுக்கு நான் கொடுக்கவில்லை, அட்டையிலும் எழுதிவிட்டேன். பாக்கெட்டில் எதில் செய்தது என்று நம் மொழியில் போடு, எனக்குப் புரிகிற வார்த்தையில். எதுவானாலும் முதலில் என்னிடம் சொல். பொடி வேலை செய்யும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, வேலை நீடித்துவிட்டது என்று ராப்பகலாக அங்கேயே கிடக்காதே, அந்தத் தலைவியிடம் என் அன்பைச் சொல், அவர் வரைந்த அட்டையை நான் கழற்றவில்லை. உன் கை வைத்ததெல்லாம் துலங்கட்டும், உன்னை நம்பி வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் உன்னை வாழ்த்தும்படி இரு. சமையலம்மாவும் உனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும், நிதானமா செய்யட்டும், ஆனா எங்க இல்லத்துல இருக்கிறவங்களுக்கு வயசாகுது, அதையும் மனசுல வெச்சுக்கட்டும்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்,
அம்மா